இரவல் கைநாட்டு

என் கட்டைவிரலில் ரேகை இல்லை. பிறந்தபோது இருந்திருக்கும். பத்து வயதில் அம்மாவோடு அண்டி ஆபீசுக்குப் போய்க் கொட்டை உடைக்க உட்கார்ந்தேன். கல்யாணத்தின்போது பாதி அழிந்திருந்தது, மூத்தவள் பிறந்தபோது மீதியும் போய்விட்டது. முந்திரி ஆலையைக் கொல்லத்தில் நாங்கள் அண்டி ஆபீஸ் என்போம். ஆபீஸ் என்றதும் நாற்காலியும் மின்விசிறியும் நினைக்க வேண்டாம். தரையில் உட்கார்ந்து, வறுத்த கொட்டையைக் கல்மேல் வைத்துக் கொட்டாப்புளியால் ஒரே போடு. ஓடு பிளக்க வேண்டும், பருப்பு உடையக் கூடாது. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைத் தின்னும். சாம்பல் பூசிக்கொள்வோம். சாம்பல் என்ன இரும்பா?

சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு கொட்டகை. அங்கே பருப்பின் தொலியை உரிப்பார்கள். அவர்கள் கை வெள்ளையாக இருக்கும். எங்கள் பக்கம் குறவரும் புலயரும், அந்தப் பக்கம் ஈழவரும் நாயரும். யூனியன் கூட்டத்தில் எல்லோரும் தோழர்கள்தான். கஞ்சிக்கு மணி அடித்தால் அவரவர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவரவர் பக்கம் போய்விடுவோம்.

அந்தச் சுவரைத் தாண்டி எங்களிடம் வந்து உட்காருகிறவள் வசுமதி சேச்சி ஒருத்திதான். வெற்றிலை மெல்ல வருவாள். என் பெயர் கொச்சுபெண்ணு. "கொச்சுபெண்ணே, ஒரு துண்டு பாக்கு இருந்தா குடு" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வாள். என் கையிலிருந்து வாங்கி வாயில் போடுவதை அவளுடைய ஆட்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். அவள் கவலைப்பட்டதில்லை.

சம்பள நாளில் நாங்கள் கைநாட்டு வைத்தால் புத்தகத்தில் கறுப்பாக ஒரு பொட்டு விழும், அவ்வளவுதான். ஒரு தடவை சோதனைக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "இது கைநாட்டா, கொசு அடிச்ச கறையா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு மேஸ்திரி சுகதன், ரேகை விழாதவளுக்குச் சம்பளக் கவர் கிடையாது என்று நின்றான். நான் மூன்று தடவை அழுத்தியும் பொட்டுதான் விழுந்தது. பின்னால் நின்ற வசுமதி சேச்சிக்குப் பொறுக்கவில்லை.

"எடா சுகதா, உனக்கு ரேகைதானே வேணும்? இந்தா."

தன் கட்டைவிரலை மசியில் அழுத்தி என் பெயருக்கு நேரே வைத்தாள். சுகதன் அதைப் பார்த்தான், சிரித்தான், அடுத்த பெயருக்குப் புத்தகத்தைத் தள்ளினான். அப்படி ஆரம்பித்தது. பன்னிரண்டு வருஷம் எங்கள் கொட்டகையின் நாற்பத்தொரு பேருக்கும் அவள் விரல்தான். சம்பளத்துக்கு, லீவுக்கு, போனசுக்கு, எல்லாவற்றுக்கும். "என்னோடதும் போட்டுடு சேச்சி" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்துவோம். "பாத்துக்கடி, சேச்சிக்குக் காய்ச்சல் வந்தா நாப்பத்தொரு பேருக்கும் மாத்திரை வாங்கணும்" என்று பங்கஜாட்சி கேலி செய்வாள். இது ஒரு குற்றமாக இருக்கும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றியதில்லை. உப்பு கடன் கேட்கிறோம், உலக்கை கடன் கேட்கிறோம், அது மாதிரி விரல்.

அந்த வருஷம் ஓணத்துக்கு ஆறு நாள் முன்பு, கஞ்சிக்கு மணி அடிக்கப்போகிற நேரத்தில் சுகதன் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தான். மேல்பாதி மடித்துக் கிளிப் போட்டிருந்தது. அடியில் எங்கள் பெயர்கள் மட்டும் தெரிந்தன.

"போனஸ் காகிதம். சேச்சியக் கூப்பிடுங்க. மணி அடிக்கறதுக்குள்ள முடியணும், முதலாளி காரு வெளியே நிக்குது."

சேச்சி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நாப்பத்தொண்ணா? என் விரல் தேஞ்சு நானும் உங்க கூட்டத்துலதான் சேரப்போறேன்" என்றாள். முதல் பெயர் என்னுடையது. "போடட்டுமாடி?" என்று கேட்டாள். அவள் ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "போடு சேச்சி, இதுக்கு என்ன ஜோசியமா பாக்கணும்?" என்றேன். இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். இதே வாயால்.

போட்டு முடித்ததும் சுகதன், "அப்படியே ஆபீஸ்ல குடுத்துடுங்க சேச்சி, எனக்கு வெளியே வேலை இருக்கு" என்றான். அவள் கொண்டுபோய்க் கொடுத்தாள். அங்கே ஒரு புத்தகத்தில், நாற்பத்தொரு காகிதம் கொடுத்ததாகக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தாள். அவளுக்கு ஏழாம் வகுப்புவரை படிப்பு உண்டு, அழகாகக் கையெழுத்துப் போடுவாள்.

போனஸ் வந்தது. ஓணத்துக்குப் பாயசம் வைத்தோம். ஓணம் முடிந்து திரும்பிப் போனால் கேட்டில் பூட்டு. உடைக்கிற பகுதியில் வேலை செய்த நாற்பத்தொரு பேரும் தாங்களாகவே ராஜினாமா செய்துவிட்டதால் அந்தப் பகுதி மூடப்படுகிறது என்று ஒரு நோட்டீஸ். உரிக்கிறவர்களை முதலாளி இரண்டு மைல் தள்ளி இருக்கும் தன்னுடைய இன்னொரு கம்பெனிக்கு மாற்றிவிட்டான். வசுமதி சேச்சியும் அங்கே போய்விட்டாள்.

யூனியன் கேஸ் போட்டது. எங்கள் வக்கீல் தாமோதரன் சார். முதலாளி லேபர் கோர்ட்டில் நாற்பத்தொரு ராஜினாமாக் கடிதங்களை வைத்தான். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கைநாட்டு. அதைக் கேட்டதும் பங்கஜாட்சி கோர்ட் வாசலில் வைத்தே மண்ணை வாரித் தூற்றினாள். "நாங்க எவளும் போடல! ரேகையைப் பரிசோதனை பண்ணச் சொல்லுங்க! எவன் விரல்னு தெரியட்டும்!" நாங்களும் கூடக் கத்தினோம். போலீசுக்கும் புகார் கொடுத்தோம். முதலாளி எவனையோ பிடித்துப் போட வைத்திருக்கிறான், மாட்டிக்கொள்ளப்போகிறான் என்று எங்களுக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கு மடித்து வந்த காகிதம்தான் இது என்று என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. அது போனஸ் காகிதம், போனசும்தான் வந்துவிட்டதே!

நாற்பத்தொன்றும் ஒரே விரல் என்று அறிக்கை வந்தது. செய்தி ஊரெல்லாம் பரவிய மறுநாள் காலையில் வசுமதி சேச்சி குளித்து, சந்தனம் இட்டுக்கொண்டு, தானே ஸ்டேஷனுக்குப் போனாள். "சாரே, அது என் விரலாத்தான் இருக்கும். சும்மா அலைய வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறாள். விஷயத்தைச் சொன்னால் முடிந்துவிடும் என்று நினைத்துவிட்டாள், பாவி. மாலைப் பேப்பரில் அவள் படம் வந்தது.

ஜாமீனுக்கு நிலவரி ரசீது உள்ள இரண்டு பேர் வேண்டும். நாங்கள் நாற்பத்தொரு பேரும் காலனிக்காரர்கள். எங்களிடம் ஏது நிலம், ஏது ரசீது? அவளுக்கு இரண்டு அண்ணன்கள், இருவருக்கும் தென்னந்தோப்பு உண்டு. நான் போய்க் கேட்டேன். மூத்தவர் வாசலுக்குக்கூட வரவில்லை. உள்ளே இருந்தபடியே, "அந்தக் கொட்டகைக்காரிங்களோட ஒட்டிக்கிட்டுத் திரியாதேன்னு எத்தனை தடவை சொன்னோம். இப்ப அவளுங்களே எடுக்கட்டும்" என்றார். இளையவரும் அதையேதான் சொன்னார். பத்தொன்பது நாள் கழித்து அவள் புருஷன் வழியில் தூரத்து உறவினர் இரண்டு பேர் ரசீது கொடுத்தார்கள். அவள் புருஷன் செத்துப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது.

அவள் ஜாமீனில் வெளியே வந்ததும் நான் தாமோதரன் வக்கீல் வீட்டுக்குப் போனேன். பங்கஜாட்சியும் கூட வந்தாள்.

"சாரே, வசுமதி சேச்சி ஏமாத்தல. நாங்க சொல்லித்தான் போட்டா" என்றேன்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அதை இந்த அறைக்கு வெளியே சொல்லிடாதே கொச்சுபெண்ணே."

"ஏன் சாரே, உண்மைதானே?"

"உண்மைதான். கேளு. கள்ளக் கைநாட்டுன்னா சட்டத்துல என்ன? இன்னொருத்தி பேர்ல, அவ சம்மதம் இல்லாம, அவளே போட்டதா நம்ப வைக்கணும்னு கெட்ட எண்ணத்தோட போடறது. சம்மதம் இருந்தா அது கள்ளம் இல்ல. விரல் யாரோடதா இருந்தாலும் அது உன் கைநாட்டு."

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"உன் கைநாட்டுன்னா அந்த ராஜினாமாவும் உன்னோடது. புரியுதா? நாப்பத்தொரு பேரும் மனசார வேலையை விட்டதா ஆயிடும். முதலாளியோட வக்கீல் இதுக்குத்தான் வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்."

"நான் போனசுக்குத்தான் போடச் சொன்னேன். ராஜினாமாவுக்கு இல்ல."

"சரி. உள்ளே என்ன எழுதியிருக்குன்னு தெரியாதவளை ஏமாத்திப் போட வெச்சா, போட வெச்சவன்தான் கள்ளன். அதுவும் சட்டத்துலயே இருக்கு. அப்ப சுகதன்தான் கள்ளன். சுகதன் எங்கே?"

"துபாய்ல" என்றாள் பங்கஜாட்சி.

"ஆமா, துபாய்ல. கேஸ்ல அவன் பேரு தலைமறைவுன்னு இருக்கு. முதலாளி பேரே இல்ல. மிச்சம் இருக்கிறது வசுமதி. படிக்கத் தெரிஞ்சவ, நாப்பத்தொரு காகிதத்துல விரலை வெச்சிருக்கா, ஒண்ணைக்கூடப் பிரிச்சுப் பாக்கலையாம். அவளே ஆபீஸ்ல கொண்டுபோய்க் குடுத்துக் கையெழுத்தும் போட்டிருக்கா. உங்க வேலை போச்சு, அவ வேலை நிக்குது. எந்த மாஜிஸ்திரேட் நம்புவார்?"

"சம்பளப் புத்தகத்தைப் பாத்தா தெரியுமே சாரே, பன்னெண்டு வருஷமா அவ விரல்தானே?"

"கரையான் தின்னுடுச்சாம். அந்தப் புத்தகம் வெளியே வந்தா முதலாளிமேல வேற பத்து கேஸ் வரும். அவன் எதுக்குக் காட்டறான்?"

எவ்வளவு நாள் உள்ளே போடுவார்கள் என்று கேட்டேன்.

"வெறும் ராஜினாமாக் கடிதம்னா ரெண்டு வருஷத்தோட போகிற பிரிவு. ஆனா அதுல கடைசியா ஒரு வரி இருக்கு. 'எனக்கு வர வேண்டிய எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டேன்'னு. அது ரசீது ஆயிடுது. ரசீதைக் கள்ளமாப் பண்ணினா புத்தகத்துல ஆயுள் வரைக்கும் இருக்கு. இந்தக் கோர்ட் மூணு வருஷத்துக்கு மேல குடுக்க முடியாது. அது ஒண்ணுதான் ஆறுதல்."

ஒரு வரிக்கு ஆயுள்! அந்த வரியை எழுதினவன் ஏ.சி. அறையில் இருந்திருப்பான். எனக்கு எழுந்து வக்கீலின் மேசையைக் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. அவர் மேல் கோபம் இல்லை, வேறு யாரும் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை, அவ்வளவுதான்.

"நீ உண்மையைச் சொன்னா வசுமதி தப்பிக்கலாம், தப்பிக்காமலும் போகலாம்" என்றார் வக்கீல். "உங்க நாப்பத்தொரு பேரோட வேலை மட்டும் உறுதியாப் போயிடும். லிஸ்டுல முதல் பேரு உன்னோடது. முதல் சாட்சியும் நீதான். உனக்குப் பின்னாடி வர்றவங்க நீ சொல்றதைத்தான் சொல்வாங்க."

வெளியே வந்ததும் பங்கஜாட்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எடீ, எனக்கு என்ன அவமேல கோபமா? ஆனா அவளுக்கு ஒரு வயிறு. நமக்கு எத்தனை வயிறு, எண்ணிப் பாரு." எண்ண எனக்கு மனமில்லை.

ஒரு நாள் மத்தியானம் வசுமதி சேச்சி வீட்டுக்குப் போனேன். சாட்சிகளோடு பேசக் கூடாது என்று அவளுக்கு ஜாமீன் உத்தரவு, ஆகவே பின்பக்கமாக வாழைத் தோப்புக்குள் நுழைந்து போனேன். என்னைப் பார்த்ததும் அவள் அடுக்களைக்குப் போனாள். அவித்த கப்பைக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சட்டினியும் எடுத்து வைத்துப் பால் விடாத கட்டன் சாயா போட்டாள். தலைமுடி வெளுத்திருந்தது. பத்தொன்பது நாளில் அப்படி வெளுக்குமா என்று எனக்குத் தெரியாது, வெளுத்திருந்தது.

"ஏன் சேச்சி, ஒரு காகிதத்தையாவது பிரிச்சுப் பாத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். கேட்கும்போதே அழுதுவிட்டேன்.

"உங்க காகிதம்டி அது. அடுத்தவ காகிதத்தைப் பிரிச்சுப் படிக்கிறது மரியாதையா?" என்றாள். பிறகு சிரித்தாள். "என் காகிதமா இருந்தா நாலு தடவை படிச்சிருப்பேன். நான் அவ்வளவு சுயநலக்காரி."

அவளுக்காக வாதாடுகிறவள் லத்தீபா என்று ஒரு இளம் வக்கீல். நான் கூண்டில் ஏறி, நான்தான் போடச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் கேஸ் பாதி உடைந்துவிடும் என்று லத்தீபா சொன்னதாகச் சேச்சி சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தாள்.

"நான் சொல்றேன் சேச்சி" என்றேன். "யார் என்ன பண்ணினாலும் சரி. நான்தான் போடச் சொன்னேன்னு சொல்றேன். என் பிள்ளைங்கமேல ஆணை."

வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! அவள் சொல்லவில்லை. என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "சொல்லுடி. எனக்குப் பயமா இருக்கு கொச்சுபெண்ணே. அங்கே கதவு சாத்தற சத்தம் இன்னும் காதுலயே இருக்கு" என்றாள்.

என் முறை வர மூன்று வருஷம் ஆனது. அந்த மூன்று வருஷத்தில் நாற்பத்தொரு பேரில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். நான் பாறை உடைக்கப் போனேன், மீன் சுமந்தேன், கல்யாண வீடுகளில் பாத்திரம் கழுவினேன். மூத்தவளைப் படிப்பிலிருந்து நிறுத்தினேன். கம்பெனி திறந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று தினமும் யாராவது ஒருத்தி வந்து என் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவாள். திட்டினால்கூடப் பரவாயில்லை. கெஞ்சினார்கள்.

கோர்ட்டுக்குப் போன அன்று வராந்தா முழுவதும் எங்கள் பெண்கள். கழுவி மடித்த முண்டு, எண்ணெய் வைத்த தலை, கோயிலுக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையாக நின்றார்கள். நான் அவர்கள் நடுவில் நடந்துதான் உள்ளே போக வேண்டும். பங்கஜாட்சி என் முந்தானையைச் சரி செய்துவிட்டாள்.

கூண்டில் ஏறினேன். எதிர்ப்பக்கக் கூண்டில் வசுமதி சேச்சி. அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், தைரியமாக இரு என்கிற மாதிரி. அரசு வக்கீல் காகிதத்தைக் காட்டினார்.

"இது உன்னோட கைநாட்டா?"

"இல்ல சார்."

"இதைப் போடச் சொல்லி வசுமதிகிட்ட நீ சொன்னியா?"

சொல்ல வேண்டிய வார்த்தை என் வாயில் தயாராக இருந்தது. மூன்று வருஷம் படுக்கும்போதும் எழும்போதும் சொல்லிப் பார்த்த வார்த்தை. கதவு வழியாக வராந்தா தெரிந்தது.

"இல்ல சார்" என்றேன்.

லத்தீபா எழுந்தாள். மசி டப்பாவையும் வெள்ளைத் தாளையும் கொண்டுவரச் சொல்லி, மாஜிஸ்திரேட் அனுமதியோடு என் விரலைப் பதிக்கச் சொன்னாள். பதித்தேன். கறுப்புப் பொட்டு விழுந்தது.

"இந்த விரலை வெச்சுக்கிட்டுப் பன்னெண்டு வருஷம் எப்படிச் சம்பளம் வாங்கினீங்க?"

"பொட்டு விழுந்தாலும் மேஸ்திரி ஒத்துக்குவார், மேடம்."

"வசுமதி ஒரு நாளாவது உங்களுக்காக விரல் வெச்சதே இல்லையா? ஒரே ஒரு நாள்?"

"இல்ல மேடம். அவங்க உரிக்கிற கொட்டகை. நாங்க அந்தப் பக்கம் போறதே இல்ல. அவங்க சாதி வேற, நாங்க வேற."

கடைசியாகச் சொன்னதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது நானாகச் சொன்னது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஆனால் மாஜிஸ்திரேட் அதை நம்பினார். தலையசைத்து எழுதிக்கொண்டார். எனக்குப் பின்னால் ஏறியவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள்.

இனி நீ என்ன சொல்கிறாய் என்று குற்றம் சாட்டப்பட்டவளிடம் மாஜிஸ்திரேட் கேட்கும் நாள் ஒன்று உண்டு. ஏழு மாதம் கழித்து அது வந்தது. நான் போனேன். கடைசி பெஞ்சில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் கத்த வேண்டும், என் பெயரைச் சொல்லி என்னைக் காறித் துப்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"சாட்சிகள் யாரும் உன்னைப் போடச் சொல்லவில்லை என்கிறார்கள். நீ என்ன சொல்கிறாய்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"அவங்க சொன்னது சரிதான் சாரே" என்றாள் வசுமதி சேச்சி. "யாரும் சொல்லல. நானாத்தான் போட்டேன்."

லத்தீபா கையிலிருந்த ஃபைலை மேசைமேல் போட்டாள். மாஜிஸ்திரேட் இன்னொரு தடவை கேட்டார். அவள் இன்னொரு தடவை அதையே சொன்னாள். மூன்று வருஷம் கடுங்காவல்.

எட்டு மாதத்தில் லேபர் கோர்ட் தீர்ப்பு வந்தது. வசுமதி சேச்சியின் தண்டனை உத்தரவின் நகலைத்தான் தாமோதரன் வக்கீல் முதலில் எடுத்து வைத்தார். ராஜினாமாக் கடிதங்கள் கள்ளமானவை, ஆகவே செல்லாது, உயிரோடு இருக்கும் அத்தனை பேரையும் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும். எல்லோரும் அழுதார்கள், பட்டாசு வெடித்தார்கள். மறுநாள் கொடி பிடித்துக்கொண்டு கம்பெனிக்குப் போனோம்.

கேட் திறந்தே கிடந்தது. உள்ளே யாரோ இரண்டு பேர் ஓடுகளைப் பிரித்து லாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வறுக்கிற உருளை இருந்த இடத்தில் ஒரு குழி. முதலாளி இரண்டு கம்பெனியையும் எல்லை தாண்டி மார்த்தாண்டம் பக்கம் கொண்டுபோய் ஒரு வாரம் ஆகிவிட்டதாம். அங்கே கூலி குறைவு. அங்கேயும் பெண்கள்தான் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருப்பார்கள், சாம்பல் பூசிக்கொண்டு. தாமோதரன் சாரிடம் ஓடினோம். அவர் தீர்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உத்தரவு சரியாத்தான் இருக்கு. திரும்ப எடுக்கறதுக்குக் கம்பெனிதான் இல்ல" என்றார். பங்கஜாட்சி தரையில் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசுவதில்லை, நானும் அவளிடம் பேசுவதில்லை. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை.

திருவனந்தபுரத்தில் பெண்கள் ஜெயிலுக்கு நான் ஒரே ஒரு தடவை போனேன். வருவாளா, என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிடுவாளா என்று தெரியாமல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். வந்தாள். வெள்ளைச் சேலை, ஒட்ட வெட்டிய முடி. மன்னிப்புக் கேட்கத்தான் பஸ் ஏறி வந்திருந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தைக்கச் சொல்லிக் குடுக்கறாங்க" என்றாள் அவள். "தொலி உரிச்ச கைக்கு ஊசி பிடிபட மாட்டேங்குது. பக்கத்துல இருக்கறவ சிரிக்கறா." பிறகு குரலைத் தாழ்த்தி, "கம்பெனி கேஸ் என்னாச்சுடி? இங்கே ஒண்ணும் தெரியறதில்ல" என்றாள்.

"ஜெயிச்சுட்டோம் சேச்சி."

"நெசமாவா? திரும்ப எடுத்துக்கிட்டானா?"

அவள் கண்ணைப் பார்த்தேன். அதில் என்ன இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

"எடுத்துக்கிட்டான்" என்றேன். "எல்லாரையும்."

"பங்கஜாட்சியையும்?"

"அவளைத்தான் முதல்ல. மேஸ்திரிகூடப் புது ஆளு. உரிக்கிறவங்களையும் திரும்பக் கொண்டுவந்துட்டான்."

அவள் மூச்சை இழுத்து விட்டாள். எத்தனையோ நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு அது. இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"அப்ப சரி" என்றாள். "போதும்டி. சும்மா போகலை." கொஞ்சம் தயங்கிவிட்டு, "என் இடத்துல இப்ப யாரு உக்காந்திருக்கா?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல சேச்சி. நீ வர்றவரைக்கும்னு காலியா வெச்சிருக்கோம்."

"சீ, எதுக்கு? யாரையாவது உக்காரச் சொல்லு. ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சம் வரும், கண்ணு வலிக்காது" என்றாள்.

"சொல்றேன் சேச்சி" என்றேன்.